பழைய மின்வழங்கியும் புதிய ஒளியும்

பயன் தீர்ந்ததென்று ஒதுக்கப்படும் கணினிகளுள்ளும் பழுதுறாத பாகமொன்று எஞ்சியிருப்பதுண்டு. அதுவே மின்வழங்கி. வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றித் தருவது அதன் தொழில். எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகளைக் கொண்ட விளக்குப் பட்டிகள் பலவற்றுக்கு வேண்டுவதும் அந்த 12 வோல்ற்றேயாகும். ஆகவே, குப்பைக்குச் செல்லவிருந்த பெட்டி ஓர் அறைக்கு ஒளியூட்ட வல்லதாகின்றது.

இன்ரெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறைமையில் அமைந்த பெட்டிகளின் கம்பிகள் நிறத்தாற் பொருள் உணர்த்துவன. மஞ்சள் 12 வோல்ற்றைத் தரும். சிவப்பு 5 வோல்ற்றைத் தரும். கறுப்பு, மின்னோட்டம் திரும்பும் பொதுவழி. பச்சைக் கம்பி ஒன்றே உண்டு. அதனையும் கறுப்பையும் ஓர் ஆளியின் மூலம் இணைத்தால், கணினியின்றியே பெட்டி இயங்கத் தொடங்கும். வேறு நிறவொழுங்கைக் கையாண்ட பெட்டிகளும் உளவாதலால், வோல்ற்றுமானியால் அளந்து உறுதிசெய்து கொள்ளல் வேண்டும்.

விளக்கை இணைத்ததும் ஒளி மங்கினால் வியப்பதற்கில்லை. 5 வோல்ற்று வழியிற் சுமை இருந்தாற்றான் பழைய பெட்டிகள் பல மின்னழுத்தத்தைச் சீராகக் காக்கும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 10 ஓம் தடையொன்றை இணைத்தால் அரை அம்பியர் ஓடும், அதனால் 2.5 வாற்று வெப்பம் பிறக்கும். எனவே, 10 வாற்றுத் தாங்கும் தடையைத் தெரிந்து, காற்றுப்படும் இடத்தில் அமைத்தல் நன்று.

24 வாற்றுப் பட்டிக்கு 2 அம்பியரே போதும். பெட்டியோ அதனினும் பன்மடங்கு தர வல்லது. கம்பிகள் தவறித் தொட்டுக்கொண்டால், 12 வோல்ற்று மனிதரை உலுக்காவிடினும் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தீ மூட்டிவிடும். மஞ்சட் கம்பியில் 3 அம்பியர் உருகியொன்றை வைத்தல் இதற்குக் காப்பாகும்.

இவை யாவும் பெட்டிக்கு வெளியேயுள்ள கம்பிகளில், சுவர்ச் செருகியைக் கழற்றியபின் செய்யத்தக்கவை. மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை. உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் ஏறத்தாழ 325 வோல்ற்று தேங்குகின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் நிலைத்து நிற்கும். உயிரைப் போக்க அது போதும். கருகல் மணமோ கீச்சொலியோ எழும் பெட்டியைத் திருத்த முயல்வதிலும், விட்டுவிடுவதே அறிவுடைமை. சிக்கனம் நல்லதே, அது உயிரை விலையாகக் கேட்கும் எல்லையை அந்த மூடியே காட்டி நிற்கின்றது.