நினைவகத்தில் தங்கிவிடும் எண்கள்

ஆனேக்கல், சந்தாபுரம், அத்திப்பள்ளி வட்டாரங்களில் உள்ள எங்கள் வாடிக்கையாளர்களுள் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் எழுதுவோர் பலர். இக்கட்டுரையின் பாதி அவர்களுக்குத் தெரிந்ததே, மற்றவர்களுக்காக எழுதுகிறோம்.

2016 அக்டோபரில் பல வங்கிகளின் ஏறத்தாழ 32 லட்சம் டெபிட் கார்டுகள் ஐயத்துக்குள்ளாயின. பல கார்டுகள் முடக்கப்பட்டன. பலருக்கு ரகசிய எண்ணை மாற்றுமாறு அறிவிப்புச் சென்றது. 641 வாடிக்கையாளர்கள் சுமார் 1.3 கோடி ரூபாய் இழந்ததாக என்.பி.சி.ஐ. தெரிவித்தது. ஏ.டி.எம். பரிவர்த்தனைகளைக் கையாண்ட ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனம், தன் கணினி அமைப்பில் தீநிரல் புகுந்திருந்ததை 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. தகவல்கள் அனைத்தும் குறியாக்கம் செய்யப்படுகையில் திருட்டு எவ்வாறு இயலும் என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயமே.

பெட்டகத்தில் பூட்டிய பணத்தையும் எண்ண வேண்டுமெனில் மேசைமீது எடுத்து வைத்தாக வேண்டும். தகவலும் அத்தகையதே. வட்டில் உறங்கும்போதும் கம்பிவழியே செல்லும்போதும் பூட்டி வைக்கலாம்; கணினி அதைக் கையாளும் கணத்தில் நினைவகத்தில் திறந்தே கிடக்கும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பணம்பெறும் கருவிகளின் நினைவகத்திலிருந்தே ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரம் திருடப்பட்டது. தீநிரல் உள்ளே புகாமலும் கசிவு நேரலாம்: 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழையால், ஒவ்வொரு வினவலுக்கும் 64 கிலோபைட் வரை நினைவகத்தைச் சர்வர் தானாகவே வெளியே கொடுத்தது.

ஆகவே வேலை முடிந்தவுடன் நிரலாளர் அவ்விடத்தைத் துடைக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சி மொழியில் துடைக்கும் கட்டளையை எழுதினாலும், இனி எவரும் படிக்காத இடத்தை அழிப்பது வீண் வேலையென்று கருதி, கம்பைலர் அக்கட்டளையையே நீக்கிவிடக்கூடும். நிரலைப் படிப்பவர் கண்ணுக்குக் கட்டளை இருக்கும். ஓடும் கணினியில் இராது! இதற்காகவே, நீக்கப்படலாகாத துடைப்புக் கட்டளை ஒன்று அம்மொழியின் அண்மைத் தரத்தில் தனியே சேர்க்கப்பட்டுள்ளது. ஜாவாவில் சரமாக வைத்த கடவுச்சொல்லை இடத்திலேயே அழிக்க வழியில்லை. ஆதலால் எழுத்துகளின் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாய் அழிப்பர். நினைவகம் போதாதபோது இயங்குதளம் அதன் பகுதியை வட்டுக்கு நகர்த்திவிடாதபடி பூட்டுவதும் உண்டு.

துடைப்பதினும் மேலானது, வைத்துக்கொள்ளாமலிருப்பது என்பது எங்கள் கருத்து. ஏ.டி.எம்.மில் நீங்கள் அழுத்தும் ரகசிய எண் விசைப்பலகைக்குள்ளேயே குறியாக்கம் பெறுகிறது. அவ்வியந்திரத்தின் கணினிகூட அதை அறியாது. இணையக் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைப்பதை 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி தடுத்துள்ளது. மாற்றாக டோக்கன் ஒன்றே அவர்களிடம் இருக்கும்.

எங்கள் கைப்பேசிச் செயலி சில நிமிடங்களில் தானே வெளியேறிவிடுகிறது என்ற புகார் அடிக்கடி வருகிறது. உங்கள் விவரங்கள் நினைவகத்தில் தங்கும் நேரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ரூட் செய்யப்பட்ட கைப்பேசியில் செயலி திறக்க மறுப்பதும், பிற செயலிகள் அங்கே அந்நினைவகத்தை எட்டிப் பார்க்கக்கூடும் என்பதாலேயே.