படையிலிருந்து திரும்பும் குடும்பமும் கைக்கு வரும் தொகையும்

வேலூர் மாவட்டத்தில் ஒருபுறம் குடியாத்தத்துத் தறிகள்; மறுபுறம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிவரும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள். நெசவும் உழவும் நடைபெறும் இத்தகைய பகுதிகளில், சங்க அங்கத்தினரின் மகனோ சகோதரனோ படையில் இருப்பது சர்வ சாதாரணம். சிப்பாய், நாயக், அவில்தார் நிலைகளில் உள்ளோரிற் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். அப்பொழுது பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பர். பெற்றோர் முதுமை எய்தியிருப்பர். அந்த நேரத்தில் அக்குடும்பம் அதுவரை கண்டிராத பெருந்தொகை ஒன்று ஒரே சமயத்தில் கைக்கு வருகிறது. அதனைக் காப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கில் வராத ஊதியம்

படைவீரரின் ஊதியம் சம்பளப் பட்டியலில் கண்ட தொகை மட்டுமன்று. உணவு, உடை, குடியிருப்பு, மருத்துவம், ஊர் செல்ல ரயில் வாரண்டு ஆகிய யாவும் ஊதியத்தின் பகுதிகளே. ஓய்வு பெற்ற மறுநாளே இவற்றிற் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. ஆதலின், "சம்பளத்திற் பாதி ஓய்வூதியமாக வருகிறது; செலவைப் பாதியாக்கினால் போதும்" என்று எண்ணுவது சரியாகாது. வீட்டு வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எனப் புதிய செலவுகள் வந்து சேரும். ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்னரே, ஊரில் ஒரு மாதம் வாழ எவ்வளவு தேவை என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பார்த்தல் நலம். இத்தனை ஆண்டுகள் வந்த பணத்தைக்கொண்டு இல்லத்தை நடத்தியவர் அம்மனைவியே. விலைவாசியும் அவருக்கே நன்கு தெரியும்.

தொகுத்துப் பெறும் தொகை இனாம் அன்று

பதினைந்து ஆண்டுகள் தகுதிப் பணி முடித்த படைவீரருக்கு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் உண்டு. அத்துடன், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாத ஊதிய வீதம் பணிக்கொடை, வைப்பு நிதி, குழுக் காப்பீட்டுத் தொகை, எஞ்சிய விடுப்புக்கு ஈடான பணம் ஆகியவை வருகின்றன. இவையெல்லாம் அவர் ஈட்டி முடித்தவை. ஆனால் 'கம்யூடேஷன்' என்று படைவீரர் வழங்கும் தொகையோ வேறு தன்மையது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக முன்கூட்டியே பெறும் பணம் அது. படைவீரர் பாதி வரை இவ்வாறு விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்த பகுதி பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே மீளும்.

ஓர் உதாரணம் காண்போம். மாத ஓய்வூதியம் ரூ. 24,000 என்று கொள்வோம். பாதியை, அதாவது ரூ. 12,000-ஐ, நாற்பது வயதில் தொகுத்துப் பெற்றால், அதன் ஓராண்டுத் தொகையைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு, சுமார் ரூ. 13 லட்சம் கிடைக்கும். பதினைந்து ஆண்டுகளில் அவர் விட்டுக்கொடுப்பது ரூ. 21,60,000. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வட்டியில் வாங்கிய கடனுக்கு இது சமம்.

இதனால் தொகுத்துப் பெறுவதே தவறு என்று நாம் கூறவில்லை. அகவிலைப்படி முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. இடையில் அவர் காலமானால், விட்டுக்கொடுத்ததற்காகக் குடும்ப ஓய்வூதியம் குறைக்கப்படுவதில்லை. ஆகவே, எதற்காகப் பெறுகிறோம் என்பதே கேள்வி. வட்டிக்கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் நகை இருக்குமாயின், அக்கடன் ஆண்டுக்கு இருபத்து நான்கு விழுக்காடு கேட்கிறது. அதனைத் தீர்க்கத் தொகுத்துப் பெறுவது தெளிவான லாபம். சேமிப்புக் கணக்கின் சொற்ப வட்டியில் கிடத்தி வைக்கவோ, உறவினர் கேட்டார் என்று கைமாற்றாகக் கொடுக்கவோ பெறுவது நஷ்டம்.

முதல் ஆண்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எடுத்த எடுப்பில் கிடைக்குமாறு தனியே வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, மனைவி மக்களின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னாளில் விதவையே அலைய நேரிடும். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருத்தல் நன்று.

மூன்றாவதாக, 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சார்ந்தோரைச் சேர்த்து அட்டை பெறுதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். இவற்றில் ஐயம் எழுந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

நான்காவதாக, ஓராண்டு வரை நிலம், லாரி, விசைத்தறி என எதிலும் பெருந்தொகையை முடக்காதிருத்தல் வேண்டும். பயிர்ச் செலவுக்காக இப்பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. தவணை தவறாமல் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் வட்டியின்றிக் கிடைக்கிறது.

ஐந்தாவதாக, ஊர் திரும்பிய முதல் மாதத்திலேயே ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வருவோர் பலர். மாதந்தோறும் ஓய்வூதியம் வருவதே காரணம். ஜாமீன் என்பது மரியாதைக்கு இடும் கையெழுத்தன்று. கடன்பட்டவர் கட்டாவிடில் தாம் கட்டுவதாகத் தரும் வாக்குறுதி.

எங்கே வைப்பது?

மாதம் நூற்றுக்கு ஐந்து, பத்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் ஓய்வு பெற்றோரையே முதலில் நாடுகின்றன. 2012-இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழித் திட்டங்கள் வீழ்ந்ததை நம் விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். முதலீட்டாளரைக் காக்க 1997-ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டம் வந்துள்ளது. எனினும், சட்டத்தின் வழியே பணம் திரும்ப ஆண்டுகள் பலவாகும்.

அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் ரூ. 9 லட்சமும், கூட்டுக் கணக்கில் ரூ. 15 லட்சமும் வைக்கலாம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர் ஐம்பது வயதிலேயே சேர இடமுண்டு.

நம் இயக்கத்தைப் பற்றியும் ஒளிவின்றிக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் நகரக் கூட்டுறவு வங்கியிலும் ஒருவர் வைக்கும் பணத்துக்கு, மற்ற வங்கிகளைப் போலவே, அசலும் வட்டியும் சேர்ந்து ரூ. 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் அக்காப்பீடு இல்லை. சங்கத்தில் வைப்பு வைக்க விரும்புவோர் அதன் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம்; அது அங்கத்தினரின் உரிமை. முழுத் தொகையையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பது நம் சங்கங்களுக்கும் பொருந்தும்.

அக்னிவீரர்கள்

2022-இல் வகுக்கப்பெற்ற திட்டத்தின்படி நான்காண்டுப் பணிக்குச் சேர்வோருக்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. மாதச் சம்பளத்தில் முப்பது விழுக்காடு பிடிக்கப்பட்டு, அரசு சம பங்கு சேர்த்து, வட்டியுடன் சுமார் ரூ. 11.71 லட்சம் முடிவில் தரப்படுகிறது. இருபது வயதுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் உள்ள இளைஞர் அதனைச் செலவிட்டுவிட்டால், பின்னால் தாங்க மாதவருவாய் ஏதுமில்லை. எனவே இவர்கள் திறத்தில் எச்சரிக்கை இருமடங்கு தேவை. அதில் ஒரு பகுதியைத் தொழிற்பயிற்சிக்கும் படிப்புக்கும் ஒதுக்கி, எஞ்சியதை நீண்டகால வைப்பில் இடுதல் தக்கது.

சங்கங்களின் கடமை

படையில் உள்ளோரின் குடும்பங்கள் எவை, எவர் எவ்வாண்டு ஓய்வு பெறுகிறார் என்பதைச் செயலாளர் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், ஓராண்டுக்கு முன்னரே கணவன் மனைவி இருவரையும் அழைத்துப் பேசலாம். வைப்பு இலக்கை நிறைவு செய்வதற்காக அவர்களது தொகையைக் கேட்டுப் பெறுதல் ஆகாது. அவர்களது கடன், செலவு, வருவாய் மூன்றையும் எழுதிக் காட்டி, முடிவை அவர்களிடமே விடுதல் வேண்டும். வரும் பொதுக்குழுவிலேயே இதனை ஒரு பொருளாக வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.