லிஸ்பனில் பாஷைக்கு என்ன செய்வது?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலை உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஐரோப்பாவில் குடியேறிவிட்ட பிள்ளைகளைக் காணப் புறப்படுகையில், அப்படியே போர்ச்சுகல் தேசத்தின் தலைநகரையும் பார்த்துவிட்டு வரலாமா என்று யோசனை கேட்பதுண்டு. விமானக் கட்டணம், குளிர், ஆகாரம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் விசாரித்து முடித்தபின், சற்றே தயக்கத்தோடு அவர்கள் எழுப்பும் கடைசி வினா, "பாஷைக்கு என்ன செய்வது?" என்பதே. இங்கிலீஷ் போதும் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். விடுதிகளிலும் அருங்காட்சியகங்களிலும் அது போதும் என்பதும் மெய்யே. ஆயினும் லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவின் சந்துக்குள் சிறு கடை வைத்திருக்கும் மூதாட்டியிடம் அந்தப் பதில் செல்லாது. ஊரின் சுவாரஸ்யமோ அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது.

போர்ச்சுகீசிய பாஷை நம் பிரதேசத்துக்குப் புதிதன்று. 1639-ஆம் ஆண்டில், பூந்தமல்லியில் வாசம் செய்து கடற்கரைக் காரியங்களைக் கவனித்து வந்த அய்யப்ப நாயக்கர் நடுநின்று பேச, அவருடைய சகோதரர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு மதராஸில் இடம் அளித்தபோது, அதற்குச் சற்றுத் தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே ஊன்றியிருந்தனர். கரையோர வியாபாரத்துக்கு அவர்களுடைய பாஷையே பொது பாஷையாக விளங்கிற்று. இங்கிலாந்து அரசரின் 1698-ஆம் ஆண்டுச் சாசனமே, கம்பெனியின் பாதிரிமார் இந்தியாவுக்கு வந்து ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விதித்தது.

இதைவிட ஆச்சரியமான விஷயம், லிஸ்பனிலேயே நம்மவர் மூவர் இந்தப் பாஷைச் சிரமத்தை நமக்கு முன்னால் அனுபவித்திருக்கிறார்கள் என்பது. வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யு, தோமா த குருஸ் என்று ஞானஸ்நானப் பெயர் பூண்ட அந்தத் தமிழர்களின் உழைப்பால், 1554-இல் அந்நகரில் அச்சேறியது ஒரு தமிழ்–போர்ச்சுகீசிய ஜெபப் புத்தகம். தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலமாதலால் தமிழை ரோமன் லிபியில் அச்சிட்டு, சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசிய அர்த்தத்தையும் உடன் அமைத்தார்கள். இன்று கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டுகிற பிரயாணி, அறிந்தோ அறியாமலோ, அந்த மூவரின் வழியைத்தான் பின்பற்றுகிறார்.

ஜன்னல், சாவி, அலமாரி முதலிய சொற்கள் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை என்று எல்லோரும் சொல்லுவார்கள். அவற்றை நம்பி விமானம் ஏற வேண்டாம். லிஸ்பன்வாசிகள் உயிரெழுத்துக்களை விழுங்கிப் பேசும் சுபாவமுடையவர்கள். நம் 'சாவி' அவர்கள் வாயில் 'ஷாவ்' என்று தேய்ந்து நிற்கும். எழுத்தைக் கண்டு யூகிப்பது சுலபம், காதால் கேட்டுப் பிடிப்பது கடினம். ஆகவே விலையையும் விலாசத்தையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்வது உத்தமம்.

பேசுவதிலோ, ஐரோப்பியர் பலருக்கு வாய்க்காத அனுகூலம் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. 'மரம்', 'வந்தான்' என்று நாம் எழுதினாலும், வீட்டில் பேசும்போது ஈற்று மெய்யை உச்சரியாமல் உயிரை மூக்கால் ஒலித்து விட்டுவிடுகிறோம் அல்லவா? போர்ச்சுகீசியத்தின் மிகப் பிரசித்தமான மூக்கொலி ஏறக்குறைய அதுவேதான். மேலும் அவர்களுடைய தகர ஒலி பல்லில் நாக்குப்படும் நம் தகரம். ஆதலால் காலை வணக்கத்தை இங்கிலீஷ் பழக்கத்தில் 'போம் டியா' என்னாமல், 'மரம்' என்பதன் பேச்சு ஈற்றைப் போல் முதற்சொல்லை மூக்கில் முடித்து, 'போம் தீயா' என்று சொன்னால் எதிரிலிருப்பவர் முகம் மலரும். பிற்பகலில் 'போவ தார்த்'. நன்றி கூறுகையில் ஆண்மகன் 'ஒப்ரிகாது' என்றும், பெண்மணி 'ஒப்ரிகாத' என்றும் சொல்ல வேண்டும். கேட்பவரைப் பொறுத்தன்று, சொல்பவரைப் பொறுத்தே இந்தப் பேதம். ஸ்பானிஷ் இரண்டு வார்த்தை தெரிந்தவர்கள் அதை இங்கே பிரயோகிக்காமல் இருப்பது மரியாதை.

கடைக் கதவில் 'பூஷ்' என்று ஒலிக்கும் சொல் எழுதியிருக்கும். அதற்கு இழு என்று பொருள். இங்கிலீஷ் அறிந்த பிரயாணிகள் அதைத் தள்ளிக்கொண்டு நிற்பது அவ்வூராருக்கு நித்திய வேடிக்கை.

சைவ உணவுக்காரர்கள் விசேஷ ஜாக்கிரதையுடன் இருக்க வேண்டும். 'கால்து வெர்த்' என்ற பச்சைக் கீரைச் சூப்பு கண்ணுக்குச் சாதுவாகத் தோன்றினாலும், அதில் பன்றியிறைச்சித் தொத்திறைச்சித் துண்டு மிதப்பதே சம்பிரதாயம். 'கார்ன்', அதாவது மாமிசம், வேண்டாம் என்பதோடு நிறுத்தினால் மீன் வந்து சேரலாம். 'பேய்ஷ்' என்ற மீனையும் பேர் சொல்லி விலக்க வேண்டும். உட்கார்ந்தவுடன் நாம் கேளாமலே ரொட்டியும் ஆலிவ் காயும் மேஜைக்கு வந்தால், அது உபசாரம் அன்று. தொட்டால் பில்லில் ஏறும்.

இவ்வளவு சொற்ப மூலதனத்தோடு காலம் தள்ள முடியுமா என்று சந்தேகிப்பவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீக்கடை எதிலேனும் காலையில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் 'அண்ணா', 'எவ்ளோ', 'சில்லறை', 'நாளைக்கு' என்னும் சில சொற்களைக் கொண்டே வாடகை பேசி, கடன் சொல்லி, சண்டையும் போட்டுச் சமாதானமும் ஆகிறார்கள். அவர்களுக்கு அது ஜீவனம். நமக்கு வெறும் உல்லாசம். எனவே கைப்பேசி இருக்கிறதே என்று மேலே சொன்ன சில போர்ச்சுகீசியச் சொற்களைக்கூடக் கற்காமல் போகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

அவற்றோடு ஒரு கிழமையின் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். ஞாயிறே முதல் நாளாதலால் திங்கட்கிழமைக்கு அங்கே 'செகுந்த ஃபெய்ரா', இரண்டாம் நாள், என்று பெயர். வாஸ்கோட காமாவின் சமாதி உள்ள பெலேம் பகுதியின் ஜெரோனிமோஸ் மடத்தை அன்றைய தினம் திறப்பதில்லை; செவ்வாயன்று போங்கள்.