கேஷ்பேக்கா, விமான மைலா? கார்டைத் தேய்க்கும் முன் ஒரு கணக்கு

2023 ஆகஸ்ட் 31 வரை, ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாயின்ட் வைத்திருந்தவர் அதை, டிக்கெட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 80,000 விமான மைல்களாக மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. மறுநாள் முதல் அதே ஒரு லட்சத்துக்கு 40,000 மைல்தான். ஐந்து பாயின்ட்டுக்கு நான்கு மைல் என்றிருந்த விகிதத்தை வங்கி ஐந்துக்கு இரண்டு என்று குறைத்துவிட்டது. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் வந்துகொண்டிருந்த 25,000 போனஸ் பாயின்ட்டும் நின்றது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. விதிகளை மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கார்டு வாங்குகிறோம்.

கேஷ்பேக் கார்டுகளை மட்டும் வங்கிகள் விட்டுவைத்தனவா? இல்லை. எஸ்பிஐ கார்டு நிறுவனம் 2022 செப்டம்பரில் ‘கேஷ்பேக்’ என்ற பெயரிலேயே ஒரு கார்டை அறிமுகப்படுத்தியது. ஆன்லைனில் வாங்கினால் 5 சதவீதம், கடையில் வாங்கினால் 1 சதவீதம், மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 மே மாதத்திலேயே அந்த உச்சவரம்பு பாதியாகி 5,000 ஆனது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஏப்ரல் வரை கணக்கில் வரவான கேஷ்பேக்கில் ஒரு ரூபாயைக்கூட நிறுவனத்தால் தொட முடியவில்லை. மேக்னஸ்காரர்களுக்கோ ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததே பாதியானது. இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான், சதவீதம் அப்புறம்.

இந்தச் சலுகைப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேராது. ஏறத்தாழ 2 சதவீதம் வங்கிகளுக்கும் கார்டு நெட்வொர்க்குக்கும் போகிறது. அதில் ஒரு பங்குதான் நமக்குத் திரும்புகிறது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தினால் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது. ஜிபேயில் கேஷ்பேக் கார்டு அளவுக்கு எதுவும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். மீதிப் பணம், மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்களின் வட்டியிலிருந்து வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் வட்டியில்தான் நாம் விமான நிலைய லவுஞ்சில் இட்லி சாப்பிடுகிறோம் என்று யாராவது சொன்னால், அது அப்படியொன்றும் மிகையில்லை.

மைல் என்பது அமெரிக்கச் சரக்கு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய அட்வான்டேஜ் திட்டம், அடிக்கடி பறப்பவர்களைக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளும் உத்தி. கார்டு வழியாகக் காசைத் திருப்பித் தரும் பழக்கத்தை 1986இல் டிஸ்கவர் கார்டு அங்கே பரப்பியது. விமான நிறுவனங்களோ மைல்களை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கக் கற்றுக்கொண்டன. டெல்டா நிறுவனம் 2024இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்தது. கொரோனா காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அச்சடிப்பவரும் அவரே, விலை வைப்பவரும் அவரே என்றால் லாபம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் நகைச்சீட்டில்கூட, சீட்டு முடியும் நாளில் தங்கத்தின் சந்தை விலை இன்னதென்று பேப்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும். மைலுக்கு அப்படியொரு சந்தை விலை கிடையாது.

அதனால் நாமே விலை கண்டுபிடிக்க வேண்டும். காசு கொடுத்தால் டிக்கெட் எவ்வளவு என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியையும் கட்டணத்தையும் அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் மைல்களால் வகுங்கள். உதாரணத்துக்கு, சென்னை–சிங்கப்பூர் ஒருவழி டிக்கெட் 18,000 ரூபாய் என்றும், மைலில் எடுத்தால் 14,000 மைலும் 4,000 ரூபாய் வரியும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மைலின் மதிப்பு ஒரு ரூபாய்.

பிசினஸ் வகுப்பில் இதே கணக்கு மயக்கும். 70,000 ரூபாய் டிக்கெட்டை 40,000 மைலும் 5,000 ரூபாயும் கொடுத்து எடுத்தால், மைலுக்கு 1 ரூபாய் 62 காசு வருகிறது. மைல் ஆர்வலர்கள் காட்டும் பெரிய பெரிய சதவீதங்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஆனால் அந்த 70,000 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்து நீங்கள் அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அது உங்களுக்கு மிச்சமான பணம் இல்லை. எக்கானமி டிக்கெட்டுக்கு ஆகியிருக்கும் செலவுதான் உங்கள் உண்மையான மிச்சம். சொகுசாகப் படுத்துக்கொண்டு போன சந்தோஷத்துக்கு விலையில்லை என்பது உண்மைதான். அதை லாபக் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவே.

இப்போது ஒரு சாதாரணக் குடும்பத்தின் செலவுக்கு வருவோம். மாதம் 40,000 ரூபாய் கார்டில் போகிறது. முழுவதற்கும் சலுகை கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வீட்டு வாடகை, பெட்ரோல், மின்கட்டணம், இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணம், நகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றில் பலவற்றைப் பெரும்பாலான கார்டுகள் விலக்கி வைத்திருக்கின்றன. தமிழ்க் குடும்பத்தில் பெரிய தொகை போகிற இடமெல்லாம் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஆகவே 40,000இல் 15,000 ரூபாயைத் தள்ளிவிடலாம். மிச்சத்தில் 15,000 ஆன்லைன், 10,000 கடை.

5 சதவீதம், 1 சதவீதம் தரும் கேஷ்பேக் கார்டில் மாதம் 850 ரூபாய், ஆண்டுக்கு 10,200 வரும். 999 ரூபாய் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்த 1,179 ரூபாயைக் கழித்தால்கூட 9,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். இதே குடும்பம் நூறு ரூபாய்க்கு இரண்டு மைல் தரும் கார்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 6,000 மைல். மேலே சொன்ன கணக்கில் ஒருவர் ஒருவழி டிக்கெட்டில் சிங்கப்பூர் போகவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நான்கு பேர் போக ஒன்பது வருடத்துக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 36 மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஸ் அட்லஸ் போன்ற கார்டுகள் பல கூட்டாளி நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு மைலாக மாற்றித் தந்து பெயர் வாங்கின. அப்படிப் பார்த்தால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் அட்லஸின் ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 5,900. இந்தச் செலவு அளவுக்கு அது கட்டுப்படியாகாது.

விமான நிறுவனங்களின் ஆயுள் வேறொரு கவலை. கிங்ஃபிஷர் 2012இல் பறப்பதை நிறுத்தியபோது அதன் மைல்களும் போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது, விமானம் இல்லாத விமான மைலாக. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயின்ட்கள் பத்திரமாக இடம் மாறின. விஸ்தாரா பெயரில் வங்கிகள் கொடுத்துவந்த கார்டுகள் படிப்படியாகக் கடையைக் கட்டின. உள்நாட்டில் அதிக விமானங்களை ஓட்டும் இண்டிகோ, ப்ளூசிப் என்ற புள்ளித் திட்டத்தை 2024இல்தான் கொண்டுவந்தது. மதுரைக்கும் கோவைக்கும் மலிவு டிக்கெட்டில் போகிறவர்களுக்கு மைலால் பெரிய ஆதாயம் கிடையாது. குறைந்த கட்டணத்தில் மைலின் மதிப்பும் குறைந்துதான் போகும்.

பிறகு மைல் யாருக்கு? மகள் லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறாள், வருடம் ஒருமுறை போயே ஆக வேண்டும், தேதியை முன்னே பின்னே தள்ளிக்கொள்ள முடியும், கார்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் செலவாகிறது, அதில் பெரும்பகுதி விலக்குப் பட்டியலில் இல்லை: இவர்களுக்கு மைல் கைகொடுக்கும். அலுவலகச் செலவைத் தன் கார்டில் போட்டுப் பிறகு வாங்கிக்கொள்பவர்களுக்கும் பொருந்தும். மற்றவர்களுக்குக் கேஷ்பேக் போதும் என்பதே என் கட்சி.

இரண்டையும் விழுங்கும் ஒன்று இருக்கிறது: வட்டி. கிரெடிட் கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. மாதம் மூன்றரை சதவீதம் என்பது சர்வசாதாரணம். 30,000 ரூபாய் பாக்கியை ஒரு மாதம் தள்ளினால் வட்டி 1,050, அதற்கு ஜிஎஸ்டி 189. அந்த மாதத்து 850 ரூபாய் கேஷ்பேக் போக, மேலும் 389 ரூபாய் கையை விட்டுப் போகும். பாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் எந்த கார்டு என்ற கேள்வியே வேண்டாம், டெபிட் கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மைல் பக்கம் போவதென்று முடிவெடுத்தவர்கள், பாயின்ட்டை வங்கிக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் அந்தத் தேதிக்கு மைலில் சீட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள், மாற்றிய கையோடு டிக்கெட்டைப் போடுங்கள். ஒருமுறை மைலாக்கிய பாயின்ட் வங்கிக்குத் திரும்பாது. சில நிறுவனங்களுக்கு அது போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆவதும், அதற்குள் சீட்டை வேறொருவர் எடுத்துவிடுவதும் உண்டு. அதனால் அடுத்த தேதி ஒன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.