மணிக்கு ஊசி போட்டாயிற்றா?

திருப்பூருக்குத் தெற்கே, உடுமலைப்பேட்டையைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே கூட்டமாக வேட்டையாடும் செந்நாய், நம் வீட்டு மணிக்குப் பங்காளி! பங்காளிக்கு நோயிலும் பங்கு உண்டல்லவா?

‘பார்வோ’ வைரஸ் 1978-இல்தான் வெளிப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டிகளைக் கொல்லும் இது, மண்ணில் மாதக்கணக்கில் அழியாதிருக்கும். செருப்பில் ஒட்டியும் வீட்டுக்கு வந்துவிடும்.

‘டிஸ்டம்பர்’ வைரஸோ நாய்க் குலத்தோடு நிற்பதில்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தனவே, அவற்றுள் சிலவற்றில் இதுவே காணப்பட்டது. காட்டோரத்து நாய்களிடமிருந்து வனவிலங்குகளுக்கு இந்நோய்கள் தொற்றக்கூடும்.

சகோதரிகளே, குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு கால்நடை டாக்டர் சொல்லும் தவணைகள். மணிக்குப் போடும் ஊசி, மலையிலுள்ள பங்காளிக்கும் காவல்!