பயத்தில் பிறந்த நியாயம்

ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஐரோப்பாவில் சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கொண்டு வந்த புண்ணியவான் யார்? மாதர் சங்கமா, மகான் யாராவதா? இரண்டுமில்லை. துணி வியாபாரம்!

1957 மார்ச் 25-ந் தேதி ரோமாபுரியில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு தேசங்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தங்களுக்குள் சுங்க வரியை ஒழித்து, ஒருவர் சரக்கை மற்றவர் சந்தையில் தாராளமாக விற்பது என்று ஏற்பாடு. பிரான்ஸுக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைத்தது. பெண்களுக்குச் சம ஊதியம் என்ற கொள்கை அங்கே ஏற்கெனவே சட்டத்தில் ஏறியிருந்தது. துணி ஆலைகளிலோ பெண்கள் கூட்டம் அதிகம். பக்கத்து நாட்டில் பெண்களுக்குக் கூலி குறைவு. சுங்கமும் போய்விட்டால் மலிவுத் துணி வந்து குவியாதா? எங்களைப் போல் நீங்களும் கொடுங்கள் என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. 119-வது ஷரத்து பிறந்தது.

எழுதினார்களே ஒழியக் கொடுக்கவில்லை. முதலில் வைத்த கெடுவை 1964 கடைசிக்குத் தள்ளினார்கள். அதுவும் கடந்தது.

பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டாலில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே யந்திரங்களோடு மல்லாடிய பெண்கள் சுமார் 3,000 பேர், 1966 பிப்ரவரியில் வேலை நிறுத்தம் செய்தார்கள். பன்னிரண்டு வாரம்! பன்னிரண்டு வாரம் சம்பளம் வராவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதைக் குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெண்கள் செய்யும் பாகங்கள் வராமல் ஆண்களின் வேலையும் நின்றது. மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டார்கள், 2.75 கிடைத்தது.

அடுத்தவர் கப்ரியேல் தெஃப்ரென், சபேனா விமானக் கம்பெனியின் பணிப்பெண். ஆண் ஊழியர் செய்த அதே வேலைக்கு அவருக்குச் சம்பளம் குறைவு. நாற்பது வயதானதும், 1968-ல், வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். ஆண்களுக்கு அந்தக் கெடு கிடையாது. (வானத்தில் பறந்தால் பெண்ணுக்கு மட்டும் சீக்கிரம் வயதாகும் போலும்!) எலியான் வோகெல்-போல்ஸ்கி என்ற பெண் வக்கீல் 119-வது ஷரத்தைக் கையில் எடுத்தார். சம்பளப் பாக்கி 12,716 பெல்ஜியம் பிராங்க். 1976 ஏப்ரல் 8-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், எந்தப் பெண்ணும் தன் நாட்டுக் கோர்ட்டிலேயே அந்த ஷரத்தைக் காட்டி உரிமை கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் பழைய பாக்கியை எல்லாருக்கும் கொடுத்தால் தாங்க முடியாது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டன. ஏற்கெனவே வழக்குத் தொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பழைய பாக்கி இல்லை என்றாகிவிட்டது. ஓய்வு வயது பற்றிய வழக்கில் தெஃப்ரென் 1978-ல் தோற்றார்.

தாங்க முடியாது என்ற பல்லவி இன்றும் ஓயவில்லை. 2023-ல் ஐரோப்பிய யூனியன் புதுக் கட்டளை ஒன்று பிறப்பித்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர், முன்பு என்ன சம்பளம் வாங்கினாய் என்று கேட்கக் கூடாது. அதே வேலை செய்யும் ஆண்களின் சராசரிச் சம்பளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெண்ணுக்கு உரிமை உண்டு. தேசங்கள் இதைச் சட்டமாக்க 2026 ஜூன் வரை தவணை. அவசியம் இல்லாமலா? 2023 கணக்குப்படி, மணிக்கு ஆண் 100 யூரோ சம்பாதித்தால் பெண் சம்பாதித்தது சுமார் 88. தொழிலதிபர்கள் இது வீண் சுமை என்கிறார்கள். அவர்களுக்கும் கவலை உண்டு. சீன மோட்டார்கள் ஒரு பக்கம், 2025 ஜூலை உடன்பாட்டில் அமெரிக்கா விதித்த 15 சதவிகித வரி மறு பக்கம்.

1957-ல் போட்டிக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்; நீயும் கொடு என்று பிரான்ஸ் சொல்ல முடிந்தது. தூர தேசத்திடமும் ஒரு தடவை அது பலித்திருக்கிறது. தென் கொரியாவுடன் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமை பற்றிய பகுதி ஒன்று இருந்தது. அதைக் காட்டி ஐரோப்பா வழக்காடியது. 2021-ல் கொரியா சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகள் மூன்றை ஏற்றுக் கொண்டது. சீனாவுடன் அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது.