உங்களுக்குத் தெரியுமா? எம்.பி.மாரின் படியும் வரவும்

இலங்கைப் பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தில் இரண்டு வாரம்தான் கூடுகிறது. செவ்வாய் முதல் வெள்ளி வரை, எல்லாமாக எட்டு நாள். வரவு செலவுத் திட்ட விவாதம் நடக்கும் நவம்பர், டிசம்பரில் மட்டும் கொஞ்சம் கூட.

எம்.பி. ஒருவரின் அடிப்படை மாதப்படி 54,285 ரூபாய். இது மட்டும்தானா என்று இரங்கிவிட வேண்டாம். சபைக்கு வந்த நாளுக்கு 2,500 ரூபாய் தனி. எரிபொருள், தொலைபேசி, அலுவலகம், சாரதி என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு படி. வேலைக்கு வருவதுதான் வேலை என்று நினைப்பவர்களுக்கு, வந்ததற்கே தனிக்கூலி கொடுப்பது விளங்காது.

225 பேர் கொண்ட சபை நடக்க 20 பேர் இருந்தால் போதும். அரசியலமைப்பின் 73ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: 20 பேர் இல்லை என்று யாராவது எழுந்து சபாநாயகரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒத்திவைப்பு. எல்லோரும் வாய்மூடி இருந்தால் காலிக் கதிரைகளுக்கு முன்னாலும் விவாதம் ஓடும்!

அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் எம்.பி. பதவி போய்விடும். 1983இல் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் இப்படித்தான் ஆசனங்களை இழந்தார்கள். அரசியலமைப்பின் ஆறாம் திருத்தச் சட்டம் கேட்ட, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துச் சபைக்குப் போகாமல் விட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கத்தின் கதிரையும் அத்தோடு போனது. கொள்கைக்காக வராதவரை இந்த விதி பிடித்தது. இடைக்கிடை தலைகாட்டிவிட்டுப் போகிறவரை அது ஒன்றும் செய்யாது.

அரச ஊழியர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து வருடம் சேவை செய்திருக்க வேண்டும். எம்.பி.க்கு 2026 வரை ஐந்து வருடமே போதுமாக இருந்தது. 1977இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களும் எம்.பி.மார்தான்.

பாராளுமன்ற உணவகத்தில் எம்.பி.மாரின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்பு 450 ரூபாய். 2025 பெப்ரவரியில் அது 2,000 ஆனது. பரவாயில்லை, வெளியில் விற்கும் விலை அவர்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

சபைக்கு வெளியே இருந்தவர்களின் கதை இது: மட்டக்களப்பு மாவட்டத்தின் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் அறவழிப் போராட்டம் தொடங்கியது 2023 செப்டம்பர் 15இல். பெரும்போகம் விதைத்துவிட்டால் ஊருக்குள் மாட்டுக்கு இடமில்லை. வயல் எல்லாம் பயிர். அதனால்தான் காலகாலமாக மாடுகளை அந்த மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அங்கே வெளிமாவட்டத்தார் வந்து காட்டை வெட்டிப் பயிர்செய்யத் தொடங்கியதும் மாடுகள் சுடுபட்டும் வெடியில் சிக்கியும் சாகத் தொடங்கின. பால் கறக்கும் நேரத்தை விட்டுவிட்டு முறைவைத்து வந்து கொட்டிலில் இருந்தார்கள். அந்த வருடம் முடிந்தும் கலையவில்லை. மட்டக்களப்பு எம்.பி.மார் இதைப் பற்றிச் சபையில் பேசாமல் இல்லை, பேசினார்கள், சபை உரைகளின் பதிவேடான ஹன்சார்டில் இருக்கிறது. பேசிய நாளுக்குரிய படி அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கொட்டிலில் இருந்தவர்களுக்கு நாட்படி யார் கொடுப்பது?

ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நாளில் வந்து கையெழுத்துப் போட்டால் மட்டும் காணாது. பெயர் பதிந்து நடக்கும் வாக்கெடுப்புகளில் பாதிக்கு மேல் தவறவிட்டால் அன்றைய படியில் பாதி வெட்டு. இப்படி ஒன்றை நமது சபையில் யார் முன்மொழிவார், யார் வழிமொழிவார்?

2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்குள்ள ஐந்து ஆசனத்தில் தமிழரசுக் கட்சிக்கு மூன்று. தேசிய மக்கள் சக்திக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒவ்வொன்று. ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் ஆள் இருப்பதால், கேட்பதற்கு ஆளில்லை என்ற சாட்டு இனி எடுபடாது.

யார் எத்தனை தடவை எழுந்தார், எதைப் பற்றிப் பேசினார் என்று ஹன்சார்டைப் பார்த்து எம்.பி.மாரை வரிசைப்படுத்த, ‘மந்திரி’ என்ற இணையத்தளத்தை வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் தொடங்கியது. ஹன்சார்டையும் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். தமிழில் பேசியது தமிழிலேயே அச்சாகியிருக்கும்.

கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது 2017 செப்டம்பர் 30இல். அதற்குப் பிறகு வந்த எட்டு வருடத்திலும் தேர்தல் இல்லை. 37 கதிரைகளும் காலி. உறுப்பினர் படி மிச்சம் என்று சிலர் பகிடி விடுகிறார்கள்.